அண்ணா வேலை பார்த்த கவுண்டி மைதானம்

சனிக்கிழமைகளில் பிள்ளைகளின் கிரிக்கெட்டைப் பார்க்க மடக்குக் கதிரையோடு வந்து குந்தியிருக்கும் என் வயதுக்காரரே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, மிச்சப் பேருக்கு மூக்குக் கண்ணாடி தடித்துவிட்டது. வாய் மட்டும் இன்னும் இளமையாகவே இருக்கிறது. போன கிழமை மழை தூறி ஆட்டம் நின்றபோது உங்களில் ஒருவர் இங்கிலாந்துக் கவுண்டி அணிகளை, அந்த நாட்டு மாவட்ட அணிகளைப் பற்றி அளந்துகொண்டிருந்தார். ஒரு கவுண்டியின் பெயரைச் சொல்லி, அதன் மைதானம் முந்தி ஒரு பிரபுவின் தோட்டமாக இருந்தது என்று அடித்துவிட்டார். நான் இடையில் புகுந்து, "இல்லை, அது சதுப்பு நிலம். பக்கத்தில கால்வாய் ஓடினது. காற்று மேற்கால அடிச்சால் பியர் வடிக்கிற ஆலையின்ர மணம் வரும்" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தீர்கள். எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று இன்றுவரை விளங்காத இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். சிரித்து மழுப்பிவிட்டுக் காருக்குள் போய் இருந்துகொண்டேன். வீட்டுக்கு வந்து இதை எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கவுண்டியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உடனே போனைத் தட்டி, அந்த வருடம் அப்படி நடக்கவில்லையே என்று என்னோடு வாதாட வருவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். மெல்பேர்னின் கிளென் வேவர்லியில் ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் செங்கல் வீடு. நல்ல பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள் வீடு வேண்டுமென்று ஆட்கள் அடிபட்டு வாங்கும் காலம் இன்னும் வரவில்லை. எங்கள் தெருவில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு அப்பா தன்னுடைய தமையனையும் அவருடைய மனைவியையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டு எடுத்தார். ஒரு மே மாதத்துக் குளிரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து இறங்கினார்கள். அவர்களுடைய ஒரே மகன், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர், சோதனை எழுதிவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு.

அண்ணாவைப் பற்றி எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். ஊருக்குப் போன ஒரு விடுமுறையில் என்னைச் சைக்கிள் பாரில் இருத்திக் கல்லூரி மைதானத்துக்குக் கொண்டுபோனார். மட்டைக்குப் பூசும் ஆளிவிதை எண்ணெய் அவர் கைகளில் மணக்கும். அந்த மணத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, ஒரு பகல் நேரம் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. அப்பா நடையில் நின்று எடுத்தார். "ம்... ம்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு பெரியப்பாவைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய், பட்டப்பகலில் கராஜ் கதவை இழுத்து மூடினார். நான் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கராஜுக்குள் அவர்கள் கதைத்தது என்ன என்பதை அப்பா தன் கடைசிக் காலத்தில்தான் எனக்குச் சொன்னார். இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்தபோது அண்ணாவைச் சுட்டுவிட்டார்கள். அங்கேயிருந்த மாமா தகனத்தையும் முடித்துவிட்டார். பெரியம்மாவுக்கு ஊரிலேயே நெஞ்சுப் படபடப்பு இருந்தது. இங்கே இதய வைத்தியரைப் பார்க்க நாள் குறித்து வைத்திருந்தது. ஆகவே டொக்ரர் பார்த்த பிறகு சொல்வோம் என்று அண்ணனும் தம்பியும் முடிவெடுத்தார்கள்.

அன்றிரவுச் சாப்பாட்டு மேசையில் பெரியம்மா, "பிள்ளையின்ர செய்தி ஏதும் வந்ததே?" என்று கேட்டார். அப்பா கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். பெரியப்பாதான் வாயைத் திறந்தார்.

"அவன் இங்கிலாந்துக்குப் போயிட்டான்" என்றார். "அந்தக் கோச் ஒழுங்கு செய்து அனுப்பிப்போட்டாராம். சோதனையும் எழுதேல்லை. பேப்பர் ஒண்டும் இல்லாமல் போனபடியால் கடிதம் போட மாட்டான். பிடிபட்டுப்போவான்."

இது எங்கேயிருந்து வந்தது என்று நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அண்ணா கல்லூரி அணியின் ஆரம்பத் துடுப்பாட்டக்காரர். பெரியப்பா அதே கல்லூரியில் கணித ஆசிரியர். தகப்பனுக்கும் மகனுக்கும் கிரிக்கெட்டால் பேச்சு வார்த்தையே இல்லாமல் போயிருந்தது. இங்கிலாந்தில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்த கல்லூரிக் கோச், ஒரு கவுண்டி கிளப்பில் மைதான வேலைக்குப் பையனை எடுப்பார்கள், வேலையோடு அங்கேயே ஆடிப் பழகலாம் என்று சொல்லி வீட்டுக்கு வந்திருக்கிறார். "புல்லு வெட்டவோ இவனைப் பெத்தனான்?" என்று கேட்டுப் பெரியப்பா அவரை வாசல் படலையோடு திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணா அதன் பிறகு தகப்பனோடு ஒரே மேசையில் சாப்பிடவில்லையாம். உயிரோடு இருந்தபோது போக விடாத இடத்துக்கு, செத்த பிறகு ஒரு வார்த்தையில் அனுப்பிவிட்டார் பெரியப்பா.

நான் அதை அப்படியே நம்பினேன். பெரியம்மாவும் நம்பினார் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் பொய் சொல்லத் துணிந்த எங்கள் ஆட்களுக்குத் துடக்கை, அதுதான் சாவுத் தீட்டை, விடத் துணிவு வரவில்லை. செத்த வீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். கோயில், பூசை கிடையாது, மீன் மச்சம் கிடையாது. சொல்லாமல் விட்டால் பாவம் ஒன்றுதான், துடக்கோடு சாமி கும்பிட்டால் பாவம் இரண்டு என்று அம்மா கணக்குப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மீன் நின்றுபோனது. "குளிருக்குள்ள இங்க நல்ல மீன் பிடிபடாது, அக்கா" என்றார் அம்மா. கடலால் சூழப்பட்ட ஒரு கண்டத்தில் இருந்துகொண்டு சொன்ன கதை அது. அப்போது இங்கே கோயில் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பூசை நடத்துவார்கள். பெரியம்மா சேலை மாற்றி, திருநீறு பூசி, வெளிக்கிட்டு நிற்பார். அப்பா காரை இரண்டு தரம் இருமவைத்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, "பட்டரி இறங்கிப்போச்சு, அண்ணி" என்பார். சனிக்கிழமை அதே கார் சந்தைக்குப் போகும். ஊர்க் கடிதம் ஏதும் பெரியம்மா கையில் போய்ச் சேராமலிருக்க, தபால்காரர் வரும் நேரத்தில் அம்மா முன்வாசலில் ரோசாச் செடிக்குத் தண்ணீர் விடுவார், மழை பெய்தாலும்.

முப்பத்தோராம் நாள் ஒரு பழைய கார் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அப்பாவும் பெரியப்பாவும் விடியப் போனார்கள். குருக்கள் கிடைக்காத காலம். மந்திரம் தெரிந்த ஒரு கணக்காளரைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், அந்தியேட்டி என்கிற துடக்குக் கழிக்கும் கிரியையை முடித்து, ஜூன் மாதத்துக் கடலில் முழுகிவிட்டு வந்தார்கள். பெரியப்பா மீசை இல்லாமல் வந்தார். எனக்கு அவரை யாரென்றே தெரியவில்லை. மேலுதடு பச்சைப் பிள்ளையின் உதடு போல வெளிறிக் கிடந்தது.

"இங்க வேலைக்குப் போறதெண்டால் மீசை கூடாதாம்" என்றார் பெரியப்பா, பெரியம்மாவைப் பார்க்காமல்.

பெரியம்மா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தடிமன் பிடிக்கப்போகுது" என்று சொல்லிவிட்டுச் சளிக்குக் கொத்தமல்லி அவிக்கப் போனார். அடுத்த நாள் எங்கள் வீட்டில் மீன் குழம்பு. வெள்ளிக்கிழமை கார் ஒரே தட்டில் ஓடியது.

அந்தக் கிழமையிலிருந்துதான் பெரியம்மா நெடுநேரம் குளிக்கத் தொடங்கினார். எங்கள் சுடுதண்ணித் தாங்கி சின்னது. அவருக்குப் பிறகு குளிக்கப் போகிறவர்களுக்குப் பச்சைத் தண்ணீர்தான். "அக்காவுக்கு இங்கத்தைச் சுடுதண்ணி ருசி பிடிச்சிட்டுது" என்று அம்மா சிரிப்பார். நானும் சிரித்தேன்.

இதய வைத்தியரின் நாளும் வந்தது. எல்லாருமாகப் போனோம். படம் எடுத்து, ஓடவைத்து, நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்துவிட்டு அந்த டொக்ரர் வெளியே வந்து, இந்த அம்மாவின் இதயம் குதிரையின் இதயம் போல இருக்கிறது, படபடப்பெல்லாம் வெறும் கவலையால் வந்தது என்றார். நல்ல செய்தி கேட்டு இவ்வளவு வாடிய முகங்களை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. இனிச் சாட்டுச் சொல்ல ஒன்றும் இல்லை. காருக்குள் அப்பா மெல்ல, "அண்ணை, இனி..." என்று தொடங்கினார். "சீசன் முடியட்டும், தம்பி" என்றார் பெரியப்பா. எந்தச் சீசன் என்று பெரியம்மா கேட்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் கவுண்டி எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது.

பெரியப்பா எங்கள் நகர நூலகத்துக்கு நடந்து போய், அந்தக் கவுண்டி கிளப்பின் வரலாற்றைக் கேட்டிருக்கிறார். அவர்களிடம் இல்லை. எங்கேயோ ஒரு பெரிய நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுத்தார்கள். பச்சை மட்டை, தூசு மணம், முதல் பக்கத்தில் மைதானத்தின் கறுப்பு வெள்ளைப் படம். தவணை முடிய முடியக் கொண்டுபோய்ப் புதுப்பித்து வருவார். நூலகத்துப் பெண் அவரை அந்தக் கவுண்டியின் பரம ரசிகர் என்று நினைத்து, வாசலில் காணும்போதே அவர்கள் எத்தனை ஓட்டம் என்று விசாரிப்பாளாம்.

புத்தகத்தோடு ரேடியோவும் சேர்ந்தது. சிற்றலை வரிசையில் லண்டன் செய்தி விடியற்காலையில் கேட்கும். இங்கே எங்களுக்குக் குளிர்காலம், அங்கே அவர்களுக்குக் கோடை. அங்கே மாலையில் முடிந்த ஆட்டம் இங்கே எங்கள் தேத்தண்ணி நேரத்துக்கு வந்து சேரும். பெரியப்பா கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, இரைச்சலுக்குள் காதை வைத்துக் கேட்பார். பிறகு குசினி மேசைக்கு வந்து இருந்து, பெரியம்மா அப்பம் சுட, செய்தி சொல்வார்.

"நேற்று அங்க மழை. மத்தியானத்துக்குப் பிறகு ஆட்டம் இல்லை. பிள்ளைக்கு பிட்ச்சை மூடுற கவர் இழுக்கிற வேலை. நல்லா நனைஞ்சிருப்பான்."

இன்னொரு நாள், "நேற்று முழுக்க வெயில். பிட்ச் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. பின்னேரம் தண்ணி விட்டிருப்பான்."

இப்படித்தான் அண்ணாவின் செய்தி வந்தது. யாரும் எழுதாத, யாரும் கொண்டுவராத செய்தி. மழை என்று ரேடியோ சொன்னால் அண்ணா நனைந்தார், வெயில் என்றால் கறுத்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அண்ணாவுக்குத் தடிமன் மாறியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டு போவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் வாசிப்பது என் வேலை. பெரியப்பாவுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். ஆனால் என்னை வாசிக்கச் சொல்லிவிட்டு அவர் பெரியம்மாவுக்குத் தமிழில் சொல்வார். வரலாறு முழுவதையும் அப்படித்தான் கேட்டோம். சத்திரம் ஒன்றின் மேல்மாடியில் சில வியாபாரிகள் கூடிக் கிளப்பைத் தொடங்கியது, சதுப்பு நிலத்தில் வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பியது, புல்லை மேய்க்கச் செம்மறிகளை விட்டது, ஆட்ட நாளில் அவற்றைத் துரத்த ஒரு கிழவனைச் சம்பளத்துக்கு வைத்தது. பிட்ச்சை அழுத்தும் ரோலரை இழுக்கிற குதிரைக்குத் தோலால் சப்பாத்துத் தைத்துப் போட்டார்களாம், குளம்பு புல்லில் பதியாமல் இருக்க. கிளப் ஒருபோதும் சாம்பியன் ஆனதில்லை. ஆகிவிடும் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் புத்தகம் எழுதிய ஆளும் நம்பியிருக்கிறார், பாவம்.

பெரியப்பா ஒவ்வொரு அதிகாரத்திலும் அண்ணாவைக் கொண்டுபோய் வைத்தார். "குதிரை கட்டின லாயம் இப்பவும் இருக்கு. அதைத்தான் அறையாக்கி வேலை ஆக்களுக்குக் குடுத்திருக்கினம். எங்கட பிள்ளை அதிலதான் படுக்கிறான். யன்னலால பார்த்தால் பிட்ச் தெரியும்." புத்தகத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன். பெரியவர்களுக்கு வரிகளுக்கு இடையில் வாசிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியம்மா பெரியப்பாவிடம் ஒன்றும் கேட்க மாட்டார். உளுந்து புடைத்தபடியோ, வெங்காயம் உரித்தபடியோ கேட்டுக்கொண்டிருப்பார். அவர் இல்லாத நேரத்தில்தான் என்னிடம் ஏதும் கேட்பார். யுத்த அதிகாரம் வாசித்த அன்று அப்படி நடந்தது. முதலாம் உலக யுத்தம் தொடங்கிய கோடையில், ஓர் ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு துடுப்பாட்டக்காரன் படைக்குப் போய்விட்டான். இரண்டாம் இன்னிங்ஸில் அவன் இல்லை. ஓட்டப் பட்டியலில் அவன் பெயரை மற்றவர்களோடு வரிசையில் போட்டு, பக்கத்தில் ஆப்சென்ட் என்று மட்டும் அச்சிட்டிருந்தார்கள்.

பெரியப்பா பின்வளவுக்குப் போன பிறகு பெரியம்மா, "பிள்ளை, அந்தப் பெடியன் பிறகு வந்தவனோ?" என்று கேட்டார்.

நான் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். "இல்லை, பெரியம்மா. மைதானத்து வாசல் கேற்றில யுத்தத்தில செத்த ஆக்களின்ர பேர் எல்லாம் வெட்டியிருக்காம். அதில இருக்கு."

"முதல் அப்பிடியெழுதி, பிறகு இப்பிடியெழுதி..." என்றார். "அந்த மனுசி ரெண்டையும் பார்த்திருப்பாள்."

எந்த மனுசி என்று எனக்கு விளங்கவில்லை. புத்தகத்தில் பெண்களே இல்லை.

பள்ளிக்கூடத்தில் நான் சும்மா இருப்பேனா? என்னுடைய அண்ணா இங்கிலாந்துக் கவுண்டி மைதானத்தில் வேலை செய்கிறார் என்று வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். அதுவரை என் சாப்பாட்டுப் பெட்டியின் மணத்துக்கு மூக்கைப் பொத்தியவர்கள் எல்லாரும் மரியாதையாகப் பார்த்தார்கள். ஆசிரியை படம் வரையச் சொன்னார். அண்ணா ரோலருக்குப் பக்கத்தில், குதிரைக்குச் சப்பாத்து மாட்டியபடி நிற்கும் படம். பெரியப்பா அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டார். மாலையில் பெரியம்மா அதற்கு முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு என் பென்சிலை வாங்கி, தலைமயிரை மட்டும் திருத்தினார். "அவன் இடப்பக்கம்தான் வகிடு எடுக்கிறவன்" என்றார். அன்றிலிருந்து அந்தப் படம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. பென்சில் கோடு ஒன்று மாறியதும் அது நான் வரைந்த ஆளாக இல்லாமல் போய்விட்டது. அது உண்மையிலேயே அண்ணா. பெட்டியைத் திறந்து பால் எடுக்கும்போது கதவில் அவர் அசைவார்.

ஜூலை முடியும்போது பெரியப்பா பின்வளவில் வேலை தொடங்கினார். எங்கள் புல்வெளியின் நடுவில் நீளமாக ஒரு துண்டை அளந்து கயிறு கட்டினார். களை பிடுங்கினார். புல்லை ஒட்ட வெட்டினார். பழைய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றுக்குள் மண் நிரப்பி உருட்டினார். புல்லு வெட்டவோ பெற்றேன் என்று கேட்ட அதே வாயில் விசில்கூட வந்தது. அப்பா யன்னலால் பார்த்துவிட்டு, "அண்ணை ஆடப்போறாரோ?" என்று அம்மாவிடம் பகிடியாகக் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவர் அங்கே ஆட ஒருவரையும் கூப்பிடவில்லை. ஸ்டம்ப் நடவில்லை. என்னைக்கூட அந்தத் துண்டை மிதிக்க விடவில்லை.

ஓகஸ்டில் ஒரு விடிகாலை. மெல்பேர்னின் அந்தச் சரிவான மழை உங்களுக்குத் தெரியும். நான் எழும்பி வந்தபோது குசினியில் பெரியம்மாவும் அம்மாவும் யன்னலோடு நின்றார்கள். வெளியே பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நீலத் தார்ப்பாய் ஒன்றை அந்தத் துண்டுக்கு மேலாக இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு மூலையைப் பிடித்தால் மறு மூலையைக் காற்று தூக்கியது. ஓடிப்போய் அதைப் பிடிக்க இந்த மூலை எழும்பியது. அவர் மறு மூலைப் பக்கம் திரும்பி, "பிடி, பிடி, அந்தத் தலைப்பைப் பிடி" என்று சொல்வது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்டது. அங்கே ஒருவரும் இல்லை. பிறகு தார்ப்பாய் ஒருமாதிரிப் படிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டினார், வேலை முடிந்தது என்பது போல.

அன்றைக்குத்தான் அண்ணா உயிரோடு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. உயிரோடு இங்கிலாந்தில் இருக்கிறவர் எங்கள் பின்வளவில் வந்து தார்ப்பாய் பிடிக்க முடியாது அல்லவா?

அம்மா வெளியே போகக் கதவைத் திறந்தார். "அவரைக் கூட்டிக்கொண்டு வாறன், அக்கா. காய்ச்சல் வரப்போகுது."

பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினார். "விடு. அவர் தனிய இல்லைத்தானே" என்றார்.

அம்மா அன்று பின்னேரம் அப்பாவோடு கராஜில் சண்டை பிடித்தார். இனியும் பொறுக்க முடியாது, அண்ணைக்கு மூளை பிசகப்போகுது, அக்காவுக்கு உண்மையைச் சொல்லுங்கோ என்றார். அப்பா பெரியப்பாவிடம் போய் மன்றாடினார். பெரியப்பா காய்ச்சலோடு கட்டிலில் கிடந்தபடி, "சீசன் முடியட்டும் எண்டனான், தம்பி. உனக்கு ஒரு பேச்சுச் சொன்னால் போதாதே?" என்றார். சொல்ல வேண்டியது எல்லாருக்கும் தெரிந்த வீட்டில், சொல்லாமல் இருப்பதற்குத்தான் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

செப்டெம்பரில் சீசன் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. பின்வளவில் எலுமிச்சை மரம் பூத்திருந்தது, வெயில் மேசை வரைக்கும் வந்திருந்தது. ரேடியோக்காரன் கடைசி ஆட்டத்தின் முடிவைச் சொன்னான். வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. அத்தோடு இந்த வருடத்துக் கவுண்டி ஆட்டங்கள் முடிகின்றன என்று சொல்லிவிட்டு, காற்பந்துக்குப் போனான். பெரியப்பா ரேடியோவை நிறுத்திவிட்டு மேசைக்கு வந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, அண்ணாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் இருந்தார்கள். என்னை எழும்பிப் போகச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பெரியப்பாவுக்கு நேரெதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"இஞ்சாருங்கோ" என்றார். "நீங்கள் மீசை வழிச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

"அதுக்கு முதலே தெரியும். மீன் வாங்கேல்லை. வெள்ளிக்கிழமையில மட்டும் கார் ஓடேல்லை. நானும் அந்த ஊரிலதானே பிறந்து வளர்ந்தனான். உங்கட துடக்கு எனக்குத் தெரியாதே?"

"அப்ப ஏன் அண்ணி ஒண்டும் சொல்லேல்லை?" என்று அப்பா கேட்டார்.

பெரியம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. பெரியப்பாவைத்தான் பார்த்தார். "பிள்ளை இருக்கேக்க அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கதைக்காத மனுசன் இவர். இங்க வந்து விடிய விடிய அவன்ர கதை. அவன் நனைஞ்சான், அவன் தண்ணி விட்டான், அவன் நல்லா வேலை செய்யிறான் எண்டு. பிள்ளை கேட்கேல்லை. அவனுக்குப் பதிலா நான் கேட்டுக்கொண்டிருந்தன்." கொஞ்சம் மூச்செடுத்தார். "ஆனா போதும், காணும். ஆட்டமும் முடிஞ்சுது. இனியெண்டாலும் பிள்ளையைப் போக விடுங்கோ. நான் இந்த வீட்டில குளிக்கிற அறைக்குள்ள மட்டும்தான் அழுறன். எனக்கு நடு வீட்டில இருந்து அழ வேணும். நீங்களும் பக்கத்தில இருந்து அழ வேணும்."

பெரியம்மா மேசைக்கு மேலால் கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். பெரியப்பா அந்தக் கையைப் பார்த்தார். மீசை திரும்ப முளைத்து நரைத்திருந்த மேலுதடு ஒருமுறை துடித்தது. இப்போது அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். எல்லாருமே அதைத்தான் நினைத்தோம்.

"ஏப்ரலில திரும்பத் தொடங்குவாங்கள்" என்றார் பெரியப்பா.

பெரியம்மா நீட்டிய கையை எடுத்துச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"ஏப்ரலில அங்க குளிர் விட்டிருக்குமோ?" என்று கேட்டார்.

"காலமையில கொஞ்சம் இருக்கும்" என்றார் பெரியப்பா. "ரெண்டு சுவெற்றர் போட்டால் காணும்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு, பெரியம்மா ஆறிப்போயிருந்த தேத்தண்ணியைச் சுடவைக்க எழும்பிப் போனார்.